செல்போனுக்குள் வராத நாலு கம்பி

1

நான் ஹாம்பர்க் வந்து ஐந்து வருடம் நிறைந்த வாரத்தில் சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த நாட்டில் எதற்கும் கடிதம்தான். குப்பைத்தொட்டி மாற்றப் போகிறோம் என்று ஒரு கடிதம், மாற்றிவிட்டோம் என்று ஒரு கடிதம், முதல் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மூன்றாவதாக ஒன்று. முதல் வருடம் ஒவ்வோர் உறையையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பிரிப்பேன். இப்போது அகராதி இல்லாமலே படித்துவிடுகிறேன்.

இந்தியாவிலிருந்து, டெனிஸ் என்ற உங்கள் பெயருக்கு ஒரு பொதி வந்திருக்கிறது, நீளம் நூற்று இருபத்தைந்து சென்டிமீட்டர், பொருளின் ரசீதுடன் நேரில் வரவும் என்று போட்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். புன்னக்காயல் கோயில் பாட்டுக்குழுவின் சிவப்பு பேஸ் கிட்டார். நான் கேட்டேன், அனுப்பிவிட்டார்கள். என்னிடம் ஏற்கெனவே ஐந்து பேஸ் கிட்டார் இருக்கிறது. இது ஆறாவது. மற்ற ஐந்தையும் வாங்கியதே இது கையில் இல்லாத குறைக்குத்தான் என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லியிருப்பேன்.

2

பேஸ் கிட்டார் தெரியாதவர்களுக்கு: நாலே கம்பி. ஒவ்வொன்றும் சைக்கிள் பிரேக் கம்பியின் தடிமன். மெட்டை வாசிக்காது. பாட்டுக்குக் கீழே கிடந்து பாட்டைத் தூக்கிப் பிடிக்கும். கோயிலில் அதைத் தனியாகக் கேட்கிறவர் யாருமில்லை. ஆனால் மின்சாரம் போய் அது மட்டும் நின்றால், பின்வரிசைக் கிழவர்கூட என்னமோ குறையுதே என்று நிமிர்ந்து பார்ப்பார்.

நான் இங்கே துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன்களைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன். கிட்டாருக்கும் அதற்கும் ஒட்டோ உறவோ கிடையாது. ஊரில் இருந்தவரை பாட்டுக்குழுவில் அந்தச் சிவப்பு கிட்டாரை வாசித்தவன் நான். கிளம்பும்போது என் கூட்டாளி ரொசாரியோவின் கழுத்தில் மாட்டிவிட்டு வந்தேன். அவன் கடலுக்குப் போகிறவன். கயிறு இழுத்துக் காய்த்த விரல். கம்பி அறுத்தாலும் அவனுக்கு உறைக்காது.

ஞாயிறு மாலைப் பூசை அங்கே நடக்கும்போது இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். ரொசாரியோவின் மனைவி ஸ்டெல்லா பாட்டுக்குழு பெஞ்சில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ அழைப்பு போடுவாள். முதல் ஞாயிறே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டுக் கேட்டது. கீபோர்டு கேட்டது. யாரோ இருமியது, குழந்தை அழுதது, கோயில் புறா சிறகடித்தது எல்லாம் கேட்டது. ரொசாரியோவின் விரல் மட்டும் மேலும் கீழும் போய்வந்தது, சத்தமே இல்லை. ஹெட்போன் மாற்றிப் பார்த்தேன். பெரிய ஸ்பீக்கரில் மாட்டிப் பார்த்தேன். இல்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். செல்போன் அழைப்பு மனிதப் பேச்சுக்காகச் செய்தது. அதற்குக் கீழே இருப்பதை இரைச்சல் என்று எண்ணிக் கழித்துவிடுகிறது. ஊரிலிருந்து எல்லாம் வந்தது, நான் வாசித்த பகுதி தவிர.

அந்த மாதமே முதல் பேஸ் கிட்டாரை வாங்கினேன். திரையில் ரொசாரியோவின் விரல் விழுவதைப் பார்த்து அதே இடத்தில் நான் இங்கே அடிப்பேன். அவன் பாட்டுக்கு என் சத்தம். ஒரு கணம் முன்பின் ஆகும். கண்ணை மூடிக்கொண்டால் அது தெரியாது.

ஒன்றோடு நின்றிருக்கலாம். ஆனால் முதல் கிட்டாரின் சத்தம் மெல்லியதாக, கண்ணாடித் தம்ளரைத் தட்டியது போலப் பட்டது. ஜப்பானில் செய்த நாற்பது வருடத்துப் பழசு ஒன்றை வாங்கினேன். அதன் கழுத்து வழவழவென்று தேய்ந்து கைக்கு அவ்வளவு இதம், சத்தம் ரொம்ப மரியாதையானது. மூன்றாவதுக்கு பிரெட் கிடையாது, அதாவது விரலுக்கு இடம் காட்டும் குறுக்குப் பட்டைகளே இல்லை. அழகாக முனகும், ஆனால் அது கோயிலுக்கு ஆகாது. நான்காவது குட்டை. ஐந்தாவது தோளை முறிக்கிற கனம். அதுதான் கிட்டத்தட்ட நெருங்கி வந்தது. சனிக்கிழமை ஆனால் பழைய வாத்தியக் கடைகளுக்கு ரயிலேறிவிடுவேன். ஒரே சுரத்தை நாலு கிட்டாரில் மாறி மாறி அடித்துப் பார்ப்பேன். கடைக்காரருக்கு என்ன தேடுகிறேன் என்று விளக்க முடியாது. எங்கள் கோயில் ஜன்னல் கண்ணாடி கிலுகிலுக்கணும் என்பதை ஜெர்மன் மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி விற்கும் கடை அடுத்த தெருவில் என்று கைகாட்டினார்.

அங்கே கிட்டாரைக் கையில் வாங்கியதும் நான் முதலில் செய்வது, அதன் உடலில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் தாடையை அழுத்திக்கொள்வது. கடையில் எல்லோரும் பார்ப்பார்கள். அது திருநெல்வேலியில் பழகியது.

3

ஒன்பது வருடம் முன்பு, நான் திருநெல்வேலியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, பாட்டுக்குழுவுக்கு பேஸ் கிட்டார் வாங்குவது என்று முடிவானது. ரொசாரியோ புன்னக்காயலில் இருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தான். ஆத்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்று நீர் இறங்கி வருகிற வழியில் அவன் ஏறி வந்தான். ஜங்ஷன் பக்கத்துக் கடைக்குள் நுழைந்தோம். மின்தடை. மாலை வரை வராது என்றார் கடைக்காரர்.

"கரண்டு இல்லாம இதுல சத்தம் வராதே அண்ணாச்சி" என்றேன்.

"கம்பியத் தட்டிட்டுத் தாடைய வச்சு அமுக்கிப் பாருங்க தம்பி. எலும்பு வழியா கேக்கும்."

சுவரில் மூன்று தொங்கின. மூன்றிலும் நானும் ரொசாரியோவும் மாறி மாறித் தாடையை வைத்து நின்றோம். வெளியே பஸ் ஹாரன், உள்ளே எங்கள் மண்டைக்குள் மட்டும் ஒரு சத்தம். சிவப்பில் தாடையை வைத்ததும் ரொசாரியோ கண்ணை விரித்தான்.

"லே, இது எஞ்சின் மாதிரி இருக்குலே."

"எந்த எஞ்சின்?"

"நம்ம வள்ளத்து எஞ்சினு. மத்த ரெண்டும் கொசு."

அப்படித்தான் அது கோயிலுக்கு வந்தது. ஸ்பீக்கர் பெட்டியை வள்ளம் கட்டுகிற ஓடாவி மிச்சப் பலகையில் அடித்துக் கொடுத்தார். மீன்பெட்டி மாதிரியே இருந்தது. ஆனால் அடித்தால் கண்ணாடி கிலுகிலுக்கும்.

கடல் வாசலில் இருக்கிற ஊர். உப்புக் காற்றில் கம்பி ஒரு மாதத்தில் செத்துப்போகும். புதுக் கம்பிக்குத் திருநெல்வேலி போகவேண்டும், போனாலும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு திருவிழாக் கொடியேற்றத்துக்கும் முந்தின நாள் நாலு கம்பியையும் கழற்றி வெந்நீரில் வேகவைப்போம். துரு, வியர்வை, அழுக்கு எல்லாம் நீரில் இறங்கிக் கம்பிக்குப் பாதி உயிர் திரும்பும். ரொசாரியோ வீட்டில் நண்டு அவிக்கும் சட்டிதான் அதற்கு. பாட்டுக்குழுவை நடத்துகிற, கீபோர்டு வாசிக்கிற ஜெசிந்தா அக்கா எட்டிப் பார்த்துச் சொல்வாள்: "என்னலே, கிட்டார் ரசம் கொதிச்சிட்டா? ஒரு கரண்டி சாமியாருக்கும் குடுங்க."

4

இந்த வருடம் தவக்காலத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஐந்து கிட்டாரில் இல்லாதது அந்த ஒன்றில் இருக்கிறது. அது அங்கே கிடந்து துருப்பிடிக்கிறது. நல்லதாக ஒன்றை ஊருக்கு அனுப்பிவிட்டு அதை நான் வாங்கிக்கொண்டால் என்ன? கேட்கும்போது அவர்களுக்கு உதவி செய்வது போலத்தான் கேட்டேன். எனக்கே அது உதவி என்றுதான் தோன்றியது.

ஜெசிந்தா அக்காவுக்குச் சந்தோஷம். "கழுத்து வளஞ்சு போய்க் கெடக்கு, தாராளமா எடுத்துக்கலே. புதுசு வருதுன்னா யாரு வேண்டாம்பா."

ரொசாரியோவிடம் கேட்டேன். கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"சரிலே" என்றான்.

"உனக்கு வருத்தம் இல்லையே?"

"நீ வாங்குனதுதான. எனக்கென்ன."

அதோடு விட்டுவிட்டேன். விடுமுறைக்குத் தூத்துக்குடி போன ஒருவரிடம் புதிய கிட்டாரைக் கொடுத்தனுப்பினேன். நாலு கம்பி எதற்கு, கோயிலுக்கு என்று கொடுக்கிறோம், பெரிதாகவே கொடுப்போம் என்று ஐந்து கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்கியிருந்தேன். அது போய்ச் சேர்ந்த வாரமே ரொசாரியோ சிவப்பைப் பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டான்.

அடுத்த மூன்று ஞாயிறும் திரையில் அவன் புதுக் கிட்டாரோடு நின்றான். பளபளவென்று இருந்தது. விரல் விழுந்தது. நானும் இங்கே அடித்தேன். கொஞ்சம் குனிந்து குனிந்து கம்பியைப் பார்க்கிறானே, புதுசு அல்லவா என்று நினைத்தேன். நான்காம் ஞாயிறு ஸ்டெல்லா அழைக்கவில்லை. ஐந்தாம் ஞாயிறும் இல்லை. கேட்டதற்கு, சிக்னல் இல்லை அண்ணே என்றாள்.

5

சுங்க அலுவலகத்தில் எண் வாங்கி உட்கார்ந்தேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, கத்தியை என்னிடம் நீட்டினார். நாமேதான் பிரிக்கவேண்டும், அவர்கள் பார்ப்பார்கள்.

மூடியைத் தூக்கினதும் அவர் ஓரடி பின்னால் போனார். "மீனா?" என்றார்.

எனக்கும் வந்தது அந்த வாசம். கருவாடும் உப்பும் டீசலும். மீன் இல்லை, ஊர் என்று சொல்ல ஜெர்மன் மொழியில் வழி தெரியாமல், கிட்டார் என்று மட்டும் சொன்னேன். சக அலுவலரை அழைத்தார். இரண்டு பேரும் சாக்கு, பழைய வேட்டி, பிளாஸ்டிக் தாள் என்று ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். மீன் இல்லை.

"ரசீது?"

"இல்லை."

"பரிசா?"

"இல்லை. மாற்றிக்கொண்டோம். நான் ஒன்று அனுப்பினேன்."

"அப்படியானால் இதன் மதிப்பு என்ன?"

விற்றால் ஒன்றும் தேறாது என்றேன். ஒன்றும் தேறாத பொருளை யாராவது இவ்வளவு தூரம் அனுப்புவார்களா என்று கேட்டார். நான் கிட்டாரைத் தூக்கித் திருப்பினேன். அப்போதுதான் பார்த்தேன்.

கழுத்தின் பக்கவாட்டில், வாசிக்கிறவன் குனிந்தால் தெரியும் இடத்தில், வரிசையாகப் புள்ளிகள். மூன்றாவது பிரெட்டில் ரோஸ். ஐந்தாவதில் நீலம். ஏழாவதில் மறுபடி ரோஸ், சின்னதாக. நகப்பாலிஷ். அழிந்த இடத்தில் மேலே மேலே பூசிப் பூசிக் கொப்பளம் போல் தடித்திருந்தது. நான் வாசித்த காலத்தில் இந்தப் புள்ளிகள் கிடையாது.

அந்த அம்மாள் கேட்ட மதிப்புக்கு வாய்க்கு வந்த ஓர் எண்ணை எழுதினேன். நம்பாமலே முத்திரை குத்தினார்.

6

வீட்டுக்கு வந்து கம்பியை மீட்டக்கூட இல்லை. ஜெசிந்தா அக்காவை அழைத்தேன்.

"அக்கா, இதுல புள்ளி வச்சிருக்கே, யாரு வச்சது?"

"ஸ்டெல்லாதான். நீ போன மறுமாசம். அந்தப் பயலுக்கு சுரமாவது ஒண்ணாவது, ஒரு எழவும் தெரியாதுல்லா. நான் கீபோர்டுல இருந்து 'மேல் ரோஸு, அடுத்து நீலம்'னு சொல்லுவேன். மேல் கம்பில ரோஸ் புள்ளி, அடுத்த கம்பில நீலப் புள்ளின்னு அர்த்தம். அஞ்சு வருசமா அப்படித்தான் ஓடுது. நோட்டு முழுக்க அதான் எழுதி வச்சிருக்கான்."

"அப்ப புதுசுல எப்படி வாசிக்கான்?"



"எங்கன வாசிக்கான். அதுல மேல ஒரு கம்பி கூட இருக்கு. மேல் கம்பின்னு தொட்டா வேற சத்தம் வருது. எல்லாமே ஒரு கம்பி எடம் மாறிப் போச்சு. மூணு வாரம் முக்கிப் பாத்தான். மூணாம் வாரம் காணிக்கைப் பாட்டுல கோயிலே திரும்பிப் பாத்துட்டு. நான் எந்திரிச்சுப் போயி அவன் ஸ்பீக்கர் பெட்டிய அணைச்சிட்டேன்லே. அணைச்சிருக்கக் கூடாது. அதுலருந்து பய வரல. கடலுக்குப் போணும், வலை கெடக்குன்னு சொல்லுதான். திருவிழாவுக்கும் வேற ஆளப் பாத்துக்கங்கன்னுட்டான்."

"புதுசுலயும் புள்ளி வச்சிருக்கலாமே அக்கா."

"ஸ்டெல்லா பாலிசத் தூக்கிட்டுத்தான் வந்தா. அவன் விடல. டெனிசு ஆசையா வாங்கி அனுப்பிருக்கான், அதுல போயி சாயத்தப் பூசுவியாட்டின்னு ஏசுனான்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரம். கோயிலே திரும்பிப் பார்த்த அந்தக் காணிக்கைப் பாட்டின்போது நானும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் தவறாக அடித்த ஒவ்வோர் இடத்திலும் நான் இங்கே சரியாக அடித்து, என் காதை நானே நிரப்பிக்கொண்டிருந்தேன். பாட்டு நன்றாக இருந்தது என்று அன்றைக்கு அவனுக்குச் செய்தியும் அனுப்பினேன். ஒரு கும்பிடு படம் மட்டும் திருப்பி அனுப்பியிருந்தான்.

அன்று சாயங்காலம் அந்தச் சிவப்பை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வாசித்துப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். பலவீனமான சத்தம். மேலே கம்பி தட்டிக் கரகரத்தது. தாடையை வைத்து அமுக்கினேன். எஞ்சின் இல்லை. இந்த வீட்டுச் சுவரில் கிலுகிலுக்க ஒன்றும் இல்லை, ஜன்னல் கண்ணாடி மூன்றடுக்கு. ஓடாவியின் பெட்டி இல்லை. நான் தேடியலைந்த சத்தத்தில் பாதி கோயிலுடையது. மீதி, அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பது.

ரொசாரியோவை அழைத்தேன்.

"கிட்டாரத் திருப்பி அனுப்புதேன்லே."

"எதுக்கு? நீ கேட்டு வாங்குனது, உன்கிட்டயே கெடக்கட்டும்."

"என்கிட்ட அஞ்சு கிட்டார் இருக்குலே."

"என்கிட்ட அஞ்சு கம்பி இருக்கு" என்றான். அவன் சிரிப்பானா என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"ஏம்லே என்கிட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னா? நீ அங்கன இருந்துகிட்டு இவன் வாசிக்கான் வாசிக்கான்னு நெனச்சிட்டு இருக்க. அது அப்படியே இருக்கட்டும்னு பாத்தேன்."

"மேல் ரோஸு, அடுத்து நீலம். அதும் வாசிப்புதாம்லே. திருவிழாக்கு வந்து சேந்துரும். நீ நிப்பியா மாட்டியா, அத மட்டும் சொல்லு."

"வரட்டும், பாப்போம்" என்றான்.

7

அனுப்புவதற்கு முன் கம்பிகளைக் கழற்றினேன். என் மேசை இழுப்பறையில் பிரிக்காத புதுக் கம்பி ஆறு செட் கிடக்கிறது. இரண்டு செட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். ஆனால் கழற்றிய பழையதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நாலையும் சுருட்டிப் போட்டேன். கொதித்தது. தண்ணீர் முதலில் தேநீர் நிறம், பிறகு வாய்க்கால் நிறம். அறையில் துருவும் வியர்வையும் லேசாக நண்டும் மணத்தது. இது அவன் விரல் ஐந்து வருடம் விட்ட வியர்வை. என்னுடையது அதற்கும் அடியில் எங்கேயாவது இருக்கலாம். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றப் போய், ஊற்றாமல் ஆறும்வரை பக்கத்தில் நின்றேன்.

துடைத்து, காயவைத்து, அதே கம்பிகளையே மாட்டினேன். புள்ளிகளைத் துணி படாமல் பார்த்துக்கொண்டேன்.

தபால் அலுவலகத்தில் அனுப்பும் காரணம் என்று ஒரு கட்டம். பரிசு, விற்பனை, மாதிரி, திரும்ப ஒப்படைப்பு, மற்றவை. வந்த நாள்முதல் இந்த நாட்டுப் படிவங்களில் எனக்குப் பொருந்துகிற கட்டம் கிடைத்ததில்லை. எப்போதும் 'மற்றவை'யில்தான் குறி போடுவேன். இந்த முறை 'திரும்ப ஒப்படைப்பு' கட்டத்தில் அழுத்திக் குறி போட்டேன்.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ரொசாரியோவிடமிருந்து ஒரு குரல்செய்தி. "பெட்டி வந்துட்டு. உன் அஞ்சு கம்பிய சாக்குல சுத்திக் கோயில் அலமாரில வச்சிருக்கேன். யாரும் தொடமாட்டாவ. நீ வந்தா வாசிக்க ஒண்ணு இங்கன வேணும்லா."

அதை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. இங்கே ஐந்து, அங்கே ஒன்று என்று இப்போது என்னுடைய ஆறு கிட்டார்களில் எனக்கென்று இடம் போட்டு வைத்திருப்பது அது ஒன்றுதான்.

8

திருவிழாக் கடைசி நாள் மாலை ஆராதனை. இங்கே பிற்பகல். வேலையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து போனின் முன் உட்கார்ந்தேன். வழக்கம்போல ஐந்தாவது கிட்டாரை மடியில் வைத்திருந்தேன்.

ஸ்டெல்லா அழைத்தாள். கூட்டம், கொடி, சீரியல் விளக்கு, ஜெசிந்தா அக்காவின் புதுச் சேலை. ஓரத்தில் ரொசாரியோ, சட்டைக் கையை மடித்துவிட்டு, சிவப்போடு நின்றான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"அண்ணே, கேக்குதா?" என்றாள் ஸ்டெல்லா.

"பாட்டுக் கேக்கும்மா. அவன் வாசிக்கது கேக்காது. போனுக்குள்ள வராது அது."

அதை நான் இதுவரை அவர்களிடம் சொன்னதே இல்லை. ஸ்டெல்லா திரும்பி ரொசாரியோவிடம் ஏதோ சொன்னாள். அவன் கிட்டாரோடு எட்டி வந்து போனை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"அஞ்சு வருசமா கேக்கலையாலே? பெறவு என்னத்தப் பாத்துட்டு இருந்த?"

"உன் விரல."

"கோட்டிக்காரன்" என்றான்.

படம் தலைகீழாகி, இருண்டு, நிமிர்ந்தது. போனை ஓடாவி செய்த அந்தப் பெட்டியின் மேல் எதிலோ சாய்த்து வைத்துவிட்டான். இப்போது அவன் விரல் தெரியவில்லை. உயரத்து ஜன்னலும் அதில் சாய்கிற வெயிலும் மட்டும் தெரிந்தது. அக்காவின் கீபோர்டு தொடங்கியது. கூட்டம் பாட எடுத்தது.

பெட்டி அதிர, திரை நடுங்கியது.

ஜன்னல் ஒரு கணம் இரண்டு ஜன்னலாகி மறுபடி ஒன்றானது. மேல் ரோஸ். அடுத்த நடுக்கம் சற்றுச் சன்னமாக. அடுத்து ரோஸ். பிறகு ஒரு சிறு படபடப்பு. அடுத்து நீலம். மறுபடி மேல் ரோஸ், இந்த முறை நீளமாக. வெயில் விழுந்த கண்ணாடி முழுக்க அலையலையாக மங்கித் தெளிந்தது.

மடியில் இருந்த கிட்டாரை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். பாட்டு முடியும்வரை அதைத் தொடவில்லை.